எட்டாம் வகுப்பு வாசிப்பு நாவல் குறித்துப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இப்பருவத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் வாசிக்கவிருக்கும் சிறுவர் நாவல், 1961ஆம் ஆண்டுக் கோடையில், கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்திருந்த ஜெர்மனியின் பெர்லின் நகரில், கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழிருந்த கிழக்கு பெர்லினில் நடக்கிறது. மேற்குப் பகுதிக்குத் தப்பிச் செல்வதா, இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதா என்று ஒரு குடும்பம் தவிக்கும் சில வாரங்களே கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது கனமான பொருளல்லவா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள்.

அன்று பெர்லினின் கிழக்கிலிருந்து மேற்கே செல்ல நகர ரயிலில் சில நிறுத்தங்களே இருந்தன. ஆனால் அனுமதியின்றிக் கிழக்கு ஜெர்மனியைவிட்டு வெளியேறுவது 1957 முதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெட்டியோடு ரயிலேறுவோர் சந்தேகத்துக்கு ஆளாயினர். அதனால்தான் நாவலில் வரும் தாய், மகளுக்கு மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்துப் பார்க்கிறாள். வியர்த்து நிற்கும் சிறுமி காரணம் கேட்க, ஒன்றும் சொல்லாமல் கழற்றி மடித்து வைக்கிறாள். பாட்டி வர மறுக்கிறார். சிறுமியோ தன் உயிர்த் தோழியிடம்கூட வாய் திறக்கக் கூடாது. இந்த மௌனத்தின் பாரத்தை நம் பிள்ளைகள் உணர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இரு பகுதிகளுக்கும் இடையே சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் அவ்வாண்டு ஜூன் 15 அன்று அறிவித்தார். ஆகஸ்ட் 13, ஞாயிறு அதிகாலையில் எல்லை நெடுக முள்கம்பி இழுக்கப்பட்டு, மேற்கே செல்லும் வழி அடைக்கப்பட்டது; பெர்லின் சுவரின் தொடக்கம் அதுவே. 1949 முதல் அதுவரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டைவிட்டுச் சென்றிருந்தனர். அந்த ஞாயிறு நெருங்குவது வாசகருக்குத் தெரியும், கதைமாந்தருக்குத் தெரியாது. ஆகவே நாவலைத் தொடங்குமுன் இத்தேதிகளை வகுப்பில் கற்பிக்கிறோம்.

பெற்றோர்களில் இடதுசாரி இயக்கங்களில் ஈடுபாடுள்ளோரும் இருக்கிறீர்கள். எந்தக் கட்சிக்கும் எதிராகப் பிள்ளைகளைத் திருப்புவது எங்கள் நோக்கமன்று. பொதுவுடைமையை மனதார நம்பி, நாட்டிலேயே இருக்க விரும்பும் சித்தப்பாவும் இந்நாவலில் மரியாதையோடே சித்திரிக்கப்படுகிறார். ஆயினும், குடிமக்கள் வெளியேறாதபடி அடைத்துவைத்த அரசு அது என்ற உண்மையை நாங்கள் மழுப்ப மாட்டோம்.

"நாமாக இருந்தால் போயிருப்போமா?" என்று உங்கள் பிள்ளை வீட்டில் கேட்கக்கூடும். உடனே விடை சொல்லி முடித்துவிடாமல், யாரை விட்டுச்செல்ல நேரும், எதை எடுத்துச்செல்ல முடியும் என்று அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும் அப்பேச்சில் கலந்துகொள்ளட்டும்.

நாவலை முன்கூட்டியே படிக்க விரும்புவோர் பள்ளி நூலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். போர், இடப்பெயர்வு ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பின், வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ தனியே தெரிவித்தால், அவர்களுக்கு வேறு நூல் தரப்படும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்