செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் நம் வட்டார நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வட்டத்தின் தோழர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்று போன ஜூனில் பேசி முடித்தோம், நடந்தது ஆறுதான். மழை விடுமுறை, பருவத் தேர்வு, பள்ளி, மாணவர் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நின்றது. எல்லாப் பழியையும் எமிஸ் மேல் போடலாம்தான், ஆனால் இரண்டு மாதம் தகவல் அனுப்ப மறந்தது நான்.

ஆறில் ஐந்து கூட்டங்களில் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. ஒன்று முதல் எட்டு வரை ஒரே கூரை, ஒரே சத்துணவுக் கூடம், ஆனால் ஐந்து வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியரும் ஆறு முதல் எட்டு எடுக்கும் பட்டதாரி ஆசிரியரும் பாடத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுவதே இல்லை. பேச நேரமும் இல்லை. ஆறு, ஏழு, எட்டு எடுப்பவர்களுக்கு நாளில் ஒரு பாடவேளையாவது ஓய்வு கிடைக்கும், ஐந்தாம் வகுப்பு டீச்சர் காலை மணி அடித்ததிலிருந்து மாலை வரை அதே வகுப்பில்தான்.

நம் உறுப்பினர் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் பாதிப் பேர் 12 என்று எழுதினார்கள். கணக்கு சார் நாம் எல்லோரும் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னார், கீழ்வகுப்பில் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று. அங்கே தலைமையாசிரியர் சமாதானம் பேசவில்லை, புதன்கிழமை ஒரு பாடவேளை ஐந்தாம் வகுப்பைத் தான் எடுத்துக்கொண்டு, டீச்சரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார். டீச்சர் குச்சிக் கட்டுகளோடு போனார். ஆறு நூறை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நூறு, மீதி ஒரு பத்தை ஆறு பேருக்குக் கட்டாகக் கொடுக்க முடியாது, அதனால் பத்தாமிடத்தில் பூஜ்யம், கட்டை அவிழ்த்து உதிரி இரண்டோடு சேர்த்தால் பன்னிரண்டு ஒன்றுகள், ஆளுக்கு இரண்டு. குச்சியில் பிள்ளைகள் தடுமாறாமல் 102 சொன்னார்கள். நோட்டில்தான் அந்தப் பூஜ்யம் காணாமல் போனது, ஏனென்றால் ஆறாம் வகுப்பில் குச்சியை யாரும் கையில் எடுப்பதில்லை. சார் அன்றைக்கே ஒரு குச்சிக் கட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் புதன்கிழமை ஏற்பாடு வருடம் முழுக்க நடந்தது.

வேறொரு பள்ளியில் ஆசிரியர் கூட்டப் பதிவேடு பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கிறது, கூட்டம்தான் நடந்ததே இல்லை, பதிவேடு மட்டும் வகுப்பு வகுப்பாகக் கையெழுத்துக்கு வரும். தலைமையாசிரியர்களைக் குறை சொல்லவே இந்த வட்டமா என்று ஒருவர் கோபப்பட்டார். நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் முழுநேரத் தலைமையாசிரியர். அதற்குக் குறைந்த இடங்களில் பாடம், பட்டியல், மேலாண்மைக் குழு எல்லாம் ஒரே தலையில். ஆனால் வாரம் ஒரு பாடவேளை வகுப்பை வாங்கிக்கொள்ள ஆணை எதுவும் வர வேண்டியதில்லை என்பது என் கருத்து, அப்படியே பதிவு செய்யவும்.

எட்டாம் வகுப்பின் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு மூன்று பள்ளிகள் சேர்ந்து சனிக்கிழமை பயிற்சி நடத்தின. மாதம் 1000 ரூபாய் வீதம் நான்கு வருடம் என்றதும் பெற்றோர் தாமாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அறிவியலும் சமூக அறிவியலும் தலா 35 கேள்வி, கணக்கு 20, மனத்திறன் 90 என்பதால் ஒரே ஆசிரியர் இழுக்க முடியாத வண்டி அது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டீக்கும் நகலெடுக்கவும் போக மிச்சம் அதிகமில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே வேலை. 2022-ல் கீழ்வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள். கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் படித்தவர்கள். யார் எந்த நிலையில் நின்றார்கள் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குத் தெரியும், ஆறாம் வகுப்பு சாருக்குத் தெரியாது. ஜூன் கூட்டத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். அதுவரை போன வருட ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

– செயலாளர்