திங்கள், புதன், சனி

மண்டபம்,
மே மாதம்

அன்பு நண்பா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் தங்கச்சி கொடுத்தனுப்பிய ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, வந்த அன்றே வீட்டில் பிரித்துவிட்டார்கள். அம்மா உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். அகதி முகாமிலிருந்து வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து படித்த பையனாகவே உன்னை வைத்திருக்கிறார். உனக்குத் தலை நரைத்துவிட்டது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் வர ஏறக்குறைய நான்கு மணி நேரம். நீ முகாமை விட்டு இலங்கையில் உன் ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த நான்கு மணி நேரத் தூரத்தைக் கடக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. என் தாத்தா எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு வரை போனவர். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். 1964 டிசம்பர்ப் புயல் அந்தப் பாதையைக் கொண்டுபோனது. புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரு நாட்டு உறவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த மீதிக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கப்பலில் என் பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், புத்தகயாவுக்கு யாத்திரை போகிறவர். அவருக்குக் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்திருந்தது. நான் வரலாற்று ஆசிரியன் என்றதும், ராஜராஜனை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கடல் கடந்து ஈழத்தை வென்றவன் என்று பெருமையாகச் சொல்வோம் என்றேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது அநுராதபுரம் அழிந்த கதை என்றார். 1017இல் ராஜராஜன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவர்கள் மன்னன் ஐந்தாம் மகிந்தனை மனைவியோடு பிடித்துக் கொண்டுபோனதையும், அவன் சோழ நாட்டிலேயே இறந்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். தோற்றவன் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அதே மனிதர்தான் 2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றியும் பேசினார். பெட்ரோலுக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றிருக்கிறார். முதலில் கைகொடுத்தது இந்தியா, அதை மறக்க மாட்டோம் என்றார். அந்த ஆண்டு இந்தியா கொடுத்த உதவி ஏறக்குறைய 400 கோடி டாலர் என்பது எனக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து, "பெரியவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் நன்றியும் இருக்கும், பயமும் இருக்கும்" என்றார். 1987 ஜூனில் இந்திய விமானங்கள் யாரையும் கேட்காமல் அவர்கள் வானத்துக்குள் வந்ததை அவர் இன்னும் விடவில்லை.

அந்த விமானங்களைத்தான் நீ முற்றத்தில் நின்று பார்த்தாய், இல்லையா? உணவு மூட்டை விழுந்த திசையில் ஊரே ஓடியதாகச் சொன்னாய். உனக்குப் பதினொரு வயது. ஜூலை 29இல் பிரதமர் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் போட்டார்கள், இந்தியப் படை வந்தது, உன் அக்கா சிப்பாய்களுக்கு மாலை போட்டாள். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டதும் அதே சிப்பாய்களுக்குப் பயந்து வீட்டுக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டினீர்கள். இங்கேயோ அந்தப் படையை இரண்டு விதமாகப் பார்த்தோம். ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே உயிரை விட்டார்கள். 1990இல் மிஞ்சியவர்கள் சென்னையில் வந்து இறங்கியபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் அது சரி என்றார்கள், பாதிப் பேர் அநியாயம் என்றார்கள். வெளிநாட்டுக் கொள்கை என்று பத்திரிகையில் எழுதுகிற விஷயம் எங்கள் டீக்கடைப் பெஞ்சில் இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

1991ஐப் பற்றி உன் வீட்டில் பேசவேண்டும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் மே 21இல் ராஜீவ் கொலை நடந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும்தான். அப்பா சொன்னார் என்று மூன்று நாள் பின் பெஞ்சுக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் நான் திரும்பி வந்தபோது நீ ஒன்றுமே கேட்காமல் பையை நகர்த்தி இடம் விட்டாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. 1983இல் உங்களுக்காகக் கண்ணீர் விட்ட அதே தெருதான் எட்டே வருடத்தில் முகாம்காரர்களுக்கு வீடு கொடுக்காதே என்றது. மனது மாறியதற்கு உண்மையான காரணம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான தண்டனையைப் பதினைந்து வயதுப் பையன் வகுப்பறையில் உட்கார்ந்து அனுபவித்தான்.

இனி வலை விஷயம். முதல் நாள் மாலை உன் வீட்டு வாசலில் தங்கச்சி வலை பொத்திக்கொண்டிருந்தாரே, ஏதோ பழைய வலை என்றுதான் நினைத்தேன். போன மாதம் வாங்கிய வலை என்று நீ சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. மேல்கயிறு ஒரே இழுப்பில் அறுந்து பிசிறிக் கிடந்தது. "இதில் எங்கே பொத்துவது, அண்ணா?" என்று தங்கச்சி கேட்டார், அவ்வளவுதான். திங்கள், புதன், சனி மூன்று நாளும் நீங்கள் கடலுக்குப் போவதில்லை என்று நீ சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அவை எங்கள் விசைப்படகுகள் இழுவை மடி என்ற பெரிய வலையைக் கடலடியில் இழுத்துத் தொழில் செய்யப் போகிற நாட்கள். நாட்டுப் படகுக்காரர்களோடு சண்டை வராமல் இருக்க இந்தப் பக்கம் நாங்கள் பிரித்துக்கொண்ட முறை. எங்கள் ஊர் வழக்கம் உங்கள் ஊர் அடுப்பில் வாரம் மூன்று நாள் உலை வைக்க விடாமல் செய்கிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே பத்திரிகையைத் திறந்தால் மீனவர்கள் சிறைபிடிப்பு, படகுகள் பறிமுதல். அதுவும் பொய் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் கணவன் எப்போது வருவான் என்று தெரியாமல் நகையை அடகு வைத்து வழக்கு நடத்துகிறாள். உங்கள் ஊர்ப் பத்திரிகையை உன் வீட்டுத் திண்ணையில் படித்தேன். அதே வாரத்துச் செய்தி, அதே கடல். தலைப்பு மட்டும் இந்திய இழுவைப் படகுகள் அத்துமீறல் என்று இருந்தது. இரண்டும் நம் மொழியில்தான் அச்சாகின்றன. ஆனால் ஒரு கரையில் வருவதை மறு கரை படிப்பதே இல்லை.

ஊர் வந்ததும் அண்ணனிடம் அந்த வலையைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் ஒரு விசைப்படகு இருப்பது உனக்குத் தெரியும். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "நம் பக்கம் மடியை இழுத்தால் டீசல் காசு தேறாது. கடனை யார் கட்டுவது?" என்றார். எங்கள் கரைக்கும் எல்லைக்கும் இடையே உள்ள கடல் குறுகல். அதை நாங்களே பல காலமாக அரித்துவிட்டோம். ஆழ்கடலுக்குப் போகலாம் என்று 2017இல் 80 லட்ச ரூபாய்ப் படகுத் திட்டம் வந்தது, எழுபது விழுக்காடு மானியத்தோடு. காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் சூரை மீனுக்குப் போவது வேறு தொழில், அதனால் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதே ஆண்டில்தான் உங்கள் நாடாளுமன்றம் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அது நியாயமான சட்டம் என்று அண்ணன் முன்னாலேயே சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கச்சத்தீவை மீட்டால் எல்லாம் தீரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் கேட்கிறோம். 1974இல் அது இலங்கைக்குப் போனது எங்களுக்கு வலிதான். ஆனால் அறுந்த உன் வலை கச்சத்தீவில் அறுபடவில்லை, உங்கள் வடமராட்சிக் கடலில் அறுபட்டது. இதை எங்கள் ஊரில் உரக்கச் சொல்ல ஆள் வேண்டும். மீனவர் சங்கக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டிருக்கிறேன். தங்கச்சியின் வலையை நான் எடுத்த படத்தைக் காட்டலாமா என்று உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன், எழுது. எங்கள் தெருப் பெண்ணின் கதையை நீயும் உங்கள் சங்கத்தில் சொல்.

அந்தோணியார் திருவிழாவுக்கு இருவரும் கச்சத்தீவுக்குப் போவோம் என்று பேசினோமே, அதில் மாற்றம் இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் நாம் சந்திக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். எங்கள் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன, அண்ணன் படகுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். ஜூன் 14 வரை எதுவும் அந்தப் பக்கம் வராது. அதுவரை திங்கள், புதன், சனியும் நீ கடலுக்குப் போகலாம் என்று தங்கச்சியிடம் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்