பத்து விழுக்காடு மூளைக்கு ஒரு விலைச்சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் கடந்த வாரம் வெளியான ஒரு பெட்டிச் செய்தி, மனிதன் தன் மூளையில் பத்து விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகிறான் என்று கூறியது. முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான்; வேறு சமயமாக இருந்தால் ஓர் அஞ்சலட்டையில் பிழையைச் சுட்டிக்காட்டியிருப்பேன். ஆனால் அதே வாக்கியத்தை, அதற்கு மூன்று நாள்கள் முன்புதான், என் பேத்தி படிக்கும் பள்ளியின் கூட்ட அரங்கில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டிருந்தேன். அங்கே அந்த வாக்கியத்துக்கு விலையும் வைத்திருந்தார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

உறங்கிக் கிடக்கும் நடுமூளையை எழுப்பிவிடுவதாகச் சொல்லும் 'நடுமூளைத் தூண்டல்' பயிற்சிக்கான இலவச அறிமுக வகுப்பு அது. கண்களைத் துணியால் கட்டிக்கொண்ட ஒரு சிறுவன், மடியருகே நீட்டப்பட்ட அட்டைகளின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, பெற்றோர் கைதட்டினார்கள். அட்டையை அவன் நெற்றிக்கு நேராக உயர்த்திப் பிடிக்க இயலுமா என்று நான் கேட்டபோது, நம்பிக்கை இல்லாதவர்கள் அரங்கில் இருந்தால் அலைகள் கலைந்துவிடும் என்று பயிற்றுநர் பதிலளித்தார். கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகக் கீழே பார்க்கலாம் என்பது கண்ணாமூச்சி ஆடிய எவருக்கும் தெரிந்த சங்கதி. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று அறிவித்தபோதுதான், உறங்குவதாகச் சொல்லப்பட்ட என் தொண்ணூறு விழுக்காடும் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதியில், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஓர் உறுப்பு. வெளிச்சம் பட்டால் கண்மணியைச் சுருக்குவது, விழிகளைத் திருப்புவது, நம்மை விழிப்பாக வைத்திருப்பது முதலிய வேலைகளில் அதற்குப் பங்குண்டு. அதிலுள்ள கருநிறத் திட்டின் உயிரணுக்கள் அழியும்போதுதான் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் தசை இறுக்கமும் தோன்றுகின்றன. அது உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சிறுவன் மேடைப்படி ஏறி வந்திருக்கவே முடியாது.

பத்து விழுக்காடு என்ற கணக்கு எந்த ஆய்வகத்திலும் அளந்து பெறப்பட்டதன்று. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1907-இல் வெளியான ஒரு கட்டுரையில், நம்முடைய மன ஆற்றலிலும் உடல் ஆற்றலிலும் சிறு பகுதியையே நாம் பயன்படுத்துகிறோம் என்று எழுதினார். முயற்சியைப் பற்றிய பேச்சு அது. அதில் விழுக்காடு எதுவும் இல்லை. 1936-இல் வெளிவந்த ஒரு சுயமுன்னேற்ற நூலின் முன்னுரையில் லோவெல் தாமஸ் என்பவர் அதனோடு பத்து விழுக்காட்டைச் சேர்த்து, ஜேம்ஸின் பெயரிலேயே எழுதிவைத்தார். பின்னர் எப்படியோ அது ஐன்ஸ்டைன் சொன்னதாகவும் ஆகிவிட்டது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று கிடையாது.

இந்தக் கதை பொய் என்பதை நான் பாடநூலில் படித்துத் தெரிந்துகொண்டேன். என் அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்த அவருடைய ஸ்கேன் படத்தில், இடது முன்மூளையில் பாதிப்பாகத் தெரிந்தது புளியங்கொட்டையளவு இடம்தான். நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது; ஆனால் காப்பி என்ற சொல்லைக்கூட அவரால் வாய்விட்டுச் சொல்ல இயலவில்லை. கோபம் வந்தால் ஒரே ஒரு வசவு மட்டும் பிசிறில்லாமல் வரும். 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோகா சுட்டிக்காட்டியதும் அந்தப் பகுதியைத்தான். மூளையில் பத்தில் ஒன்பது பங்கு வேலையற்றுக் கிடப்பது உண்மையானால், பக்கவாதங்களில் பெரும்பாலானவை ஒருவருக்கும் தெரியாமலே வந்து போயிருக்க வேண்டுமல்லவா?

இன்னொரு கணக்கும் உண்டு. உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ இருபது விழுக்காட்டைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளிடம் இந்தப் பங்கு நாற்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது. சும்மா கிடக்கும் ஓர் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களும் ஒரே கணத்தில் சேர்ந்து துடிப்பதில்லை என்பது மெய்யே. பெருந்திரளான நரம்பணுக்கள் ஒருசேரத் துடித்தால் அதன் பெயர் வலிப்பு, அறிவு வளர்ச்சியன்று.

அப்படியானால் மனிதரின் திறன் வளர வழியே இல்லையா என்று அரங்கிலேயே ஒரு தாய் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். ஜேம்ஸின் கட்டுரை வெளியான அதே 1907-இல், நம் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டியதை அவருக்குச் சொன்னேன். நூறு செயல்களில் கவனம் சிதறாமல் விடைசொன்ன அவருக்கு யாரும் மூளையைத் 'திறந்து' விடவில்லை. இளமை முதல் யாப்பிலும் மனப்பாடத்திலும் ஊறிய உழைப்பு அது. லண்டன் வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் 2000-இல் நடத்திய ஆய்வில், நகரத்தின் தெருக்களையெல்லாம் மனத்தில் ஏற்றியிருந்த அவர்களுக்கு, இட நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பது தெரியவந்தது. பயன்படாத பகுதி எதுவும் அங்கே கண் திறக்கவில்லை. பயன்படும் பகுதிதான் பயிற்சியால் மாறியிருந்தது. அந்தத் தாய் பாதி மனத்தோடுதான் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே சென்னையில், ஐஐடி வளாகத்திலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்வெட்டுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கே இலவசமாக வெளியிட்டது. பள்ளிகள் மாணவர்களுக்கு மூளையைக் காட்ட விரும்பினால் அந்தப் படங்களைத் திரையில் காட்டலாம், பைசா செலவில்லை.

அந்தப் பயிற்சிக்கான பதிவு இம்மாத இறுதிவரை நடக்கிறது. அதற்குள் மாணவர் இணைப்பின் அதே பெட்டியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். நான்கு வரி போதும். நறுக்கியெடுத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 600 011.