பார்சல் கொண்டு வருபவரைக் காக்க வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

மேற்கு மாம்பலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தைத்து முடித்த ரவிக்கைகளைச் செயலியில் பதிவு செய்து, பைக்கில் வரும் தம்பிகளிடம் கொடுத்தனுப்புவேன். போன வாரம் அடையாறுக்குப் போன பார்சலுக்கு, வாங்க வேண்டியவர் 20 நிமிடம் போனே எடுக்கவில்லை. அப்புறம் எடுத்து, "நாலாவது மாடிக்குக் கொண்டு வாங்க" என்றாராம். லிப்ட் ஓடவில்லை. காத்திருந்ததற்கும் படியேறியதற்கும் தனியாக ஒரு பைசா கிடையாது என்று அந்தத் தம்பி சொன்னபோது மனசு கனத்துப் போனது.

இவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. ஒவ்வொரு சவாரிக்குத்தான் காசு. நாம் வீணாக்கும் 20 நிமிடம் அவர்களுக்கு அடுத்த சவாரி. பெட்ரோலும் அவர்கள் கைக்காசுதான். தமிழக அரசு 2023-ல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது, நல்ல விஷயம். ஆனால் வாசலில் காக்க வைப்பது நாம்தானே?

வரைபடத்தில் இடத்தைத் தப்பாகக் குறித்துவிட்டு அவர்களைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித் தப்பாகக் குறித்திருக்கிறேன். இப்போதெல்லாம் வாங்குபவரிடம் போனில் பேசி, கீழே இறங்கி வருவதாகச் சொன்ன பிறகுதான் பதிவு செய்கிறேன்.

– ஒரு தையல்காரப் பெண், சென்னை-33