குளிர் நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் நோர்வே கப்பல் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் நல்ல வடிவு. ஆனால் அதை வாசித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் என்னிடம் வந்து, "மகன் டிக்கெட் போடுகிறான், என்ன கொண்டுபோக வேணும், எங்கே இறங்க வேணும்" என்று கேட்டபோதுதான் அந்தக் கட்டுரை சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று விளங்கியது. இப்போது பிள்ளைகள் வெளியில் இருக்கிற வீடுகளில் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு இப்படி ஒரு பயணம் அனுப்புவது கூடிக்கொண்டு வருகிறது. போகிறவர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள், குளிர் என்றால் மார்கழி வாடைக்காற்றை மட்டும் அறிந்தவர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் 31 வருடம் படகில் வேலை செய்தவன். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். போன வருடம் ஜூன் மாதம் மகள் எங்கள் இரண்டு பேரையும் கோபன்ஹேகனில் கப்பல் ஏற்றி நோர்வேக்குக் கூட்டிப்போனாள். கெய்ராங்கர், ஓலசுண்ட், துரொம்சோ, வடக்கே ஹொனிங்ஸ்வோக் என்று நான்கு இடத்தில் இறங்கினோம்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் ஏமாறுவது அதில்தான். காலை 8 மணிக்குக் கப்பல் வரும், மாலை 5 மணிக்குப் போகும் என்று தாளில் போட்டிருப்பார்கள், நாங்கள் ஒன்பது மணித்தியாலம் இருக்கிறது என்று கணக்குப் போடுவோம். இறங்க அனுமதி கிடைக்க அரை மணித்தியாலம் போகும், படகில் கரைக்குப் போகிற இடம் என்றால் வரிசையில் இன்னொரு மணித்தியாலம் கரையும், கப்பல் புறப்பட அரை மணித்தியாலம் முன்னுக்கு எல்லாரும் உள்ளே நிற்க வேண்டும், அதற்கும் மேலே மலைப்பாதையில் மூடுபனி வந்தால் என்று நாங்களாக ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். மிச்சம் ஐந்தரை. அந்த ஐந்தரைக்குள் அடங்குவது ஒரு இடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை இடம். இங்கே உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் ஒரே பகலில் வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் கேட்பார்கள், பின்னேரம் திரும்பி வரும்போது ரோட்டைத் தவிர ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். அதே பிழையை நாங்கள் அங்கே போய்ச் செய்யக்கூடாது. திரும்பி ஏறுகிற நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்தால் எந்த இடம் சரிவரும் என்று தானாகத் தெரியும்.

போனில் காட்டுகிற நேரத்தை நம்ப வேண்டாம். போன் கரையின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். கோடையில் நோர்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இரண்டு மணித்தியால வித்தியாசம். கப்பல் நோர்வே நேரத்தில் இருக்க உங்கள் போன் ஐஸ்லாந்து நேரத்துக்கு மாறினால், போனில் மூன்று மணி என்று ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடிக்கும்போது கப்பலில் ஐந்து மணி. ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள், கப்பலில் நேரத்தை மாற்றச் சொல்லி அறிவித்தாலொழிய அதைத் தொட வேண்டாம்.

கப்பல்காரரின் சுற்றுலாவில் போவதா, வெளியில் மலிவாகப் பிடிப்பதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் எண்ணம் இதுதான்: தூரமான இடம், மலைப்பாதை, பனி இருக்கிற இடம் என்றால் காசு கூடினாலும் கப்பல்காரரோடு போங்கள். அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்ப் பிந்தினால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும், அடுத்த துறைமுகம் விமானத்தில் போகிற தூரமாகவும் இருக்கலாம். ஓலசுண்ட் மாதிரி நகரத்துக்குள்ளேயே கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்துகிற இடத்தில் சுற்றுலாக்காரர் ஒருவரும் தேவையில்லை. 1904 இல் நகரத்தின் பெரும்பகுதி எரிந்து பிறகு ஒரே பாணியில் கட்டிய ஊர் அது, நடந்தே பார்க்கலாம். அக்ஸ்லா என்கிற குன்றுக்கு 418 படி, முழங்கால் சரியில்லாதவர்கள் கீழேயே நில்லுங்கள்.

கெய்ராங்கர் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே எங்களைப் படகில் இறக்கினார்கள், அது என் தொழில். இரண்டு பக்கமும் செங்குத்து மலை, நடுவில் ஒடுங்கிய கடல், முடிவில் ஒரு சின்னக் கிராமம். கப்பலிலிருந்து கரைக்கு நடந்து போக மிதக்கும் பாலம் ஒன்று இருக்கிறது, அன்றைக்கு அதில் வேறு கப்பல் நின்றதால்தான் எங்களுக்குப் படகு. கப்பலின் ஏணிப்படியில் நின்றால் கீழே படகு அரை முழம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வயதான மனுசி, ஒரு கையில் பை, மற்றக் கையில் போன், படகு கீழே போகிற நேரம் பார்த்துக் காலை நீட்டினார். மாலுமி இழுத்துப் பிடித்திராவிட்டால் இடையில் விழுந்திருப்பார். படகு மேலே எழும்பி ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தில் காலை வைக்க வேண்டும், பாயக்கூடாது. மாலுமியின் விரலைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடியுங்கள், அவரும் உங்களை அப்படித்தான் பிடிப்பார், ஈரக் கை வழுகினாலும் பிடி விடாது. பை முதுகில் இருக்கட்டும், இரண்டு கையும் வெறுங்கையாக இருக்கட்டும். சேலையோடு இறங்க வேண்டாம் என்று பெண்களிடம் பணிவாகச் சொல்கிறேன். கடல் எழும்பினால் படகு இறக்குவதையே நிறுத்திவிடுவார்கள், அதனால் படகில் இறங்குகிற துறைமுகத்துக்கு வெளியாரிடம் முற்பணம் கட்டும்போது, கப்பல் வராவிட்டால் காசு திரும்புமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அங்கிருந்து டல்ஸ்னிபா என்கிற மலைக்குப் பஸ் ஏறும். 1476 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6, 7 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு, அதனால் கீழே 14 பாகையில் வெயில் காய்ந்த எங்களுக்கு மேலே 4, 5 பாகை. ஜூன் மாதத்திலும் ரோட்டு ஓரம் ஆளுயரத்துக்குப் பனி நின்றது. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் குளிசையைப் பஸ் ஏற முன்னமே போட வேண்டும், சத்தி வந்த பிறகு போட்டு வேலையில்லை.

உடுப்பு. இங்கேதான் நாங்கள் பிழைவிட்டோம். கொழும்பில் தடித்த ஒரு ஜக்கெட் வாங்கினோம், உள்ளே வழமைபோலப் பருத்திச் சட்டை, பருத்தி மேசு. ஹொனிங்ஸ்வோக்கில் இறங்கி முக்கால் மணித்தியாலம் பஸ்ஸில் போனால் நோர்த் கேப். கடலிலிருந்து 307 மீற்றர் நேரே எழும்புகிற பாறை, கோணேசர் கோயில் நிற்கிற எங்கள் சுவாமி மலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அன்று 5 பாகை என்று போட்டிருந்தது, மனைவி "கொழும்பு ஏசி பஸ் மாதிரித்தானே" என்றார். காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் அடித்தால் அந்த 5 பாகை உடம்புக்குப் பூச்சியத்துக்குக் கீழே தெரியும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பஸ்ஸுக்குள் வியர்த்த பருத்திச் சட்டை ஈரமாக முதுகில் ஒட்டியிருந்தது, வெளியே வந்து பத்து நிமிடத்தில் மனைவிக்குப் பல்லு அடிக்கத் தொடங்கிவிட்டது. அங்கே பாறை உச்சியில் அடையாளமாக நிற்கிற இரும்பு உருண்டைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க நான் கையுறையைக் கழற்றினேன், விரல் விறைத்துப் பொத்தானை அழுத்த முடியவில்லை, போன் பட்டரி பாதியில் இருந்து அப்படியே அணைந்துவிட்டது. பிறகு உள்ளே மண்டபத்தில் இருந்து சூடாகக் குடித்துத்தான் மனுசி சரியானார்.

ஆகவே உள்ளே மெல்லிய கம்பளி அல்லது வியர்வையை உறிஞ்சி வைக்காத துணி, நடுவில் தடித்தது, மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஒரு தடித்த ஜக்கெட்டை விட மெல்லிய மூன்று மேல். குடையை வீட்டில் வையுங்கள், அந்தக் காற்றில் நிற்காது. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருந்தால் கம்பளி மேசு போடலாம், இறுக்கினால் கால் இன்னும் குளிரும். போனை உள்சட்டைப் பையில், உடம்போடு வையுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், மனைவிக்கு 15 வருடமாக இருக்கிறது. கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு விறைப்பதும் தெரியாது, சப்பாத்து கடிப்பதும் தெரியாது. ஒவ்வொரு இரவும் லைட்டில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குளிர்கிறது என்று சுடுதண்ணீர்ப் பையைக் காலில் வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது. குளிசை முழுவதும் கைப்பையில், மருத்துவரின் துண்டோடு இருக்கட்டும்.

விசா விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பட்ட பாடு பெரிய பாடு. கொழும்பில் ஒரு முகவர் அவருக்கு ஒரு தடவை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எடுத்துக் கொடுத்தார், கப்பலோ ஸ்வால்பார்ட் தீவுக்குப் போய்த் திரும்புகிற கப்பல். ஸ்வால்பார்ட் நோர்வேக்குச் சொந்தம் என்றாலும் ஷெங்கனுக்கு வெளியே, அங்கே போனால் வெளியேறிய கணக்கு, திரும்பி வர இரண்டாவது நுழைவு வேண்டும். கப்பல் வாசலில் மறித்துவிட்டார்கள், கட்டிய காசும் போய்விட்டது. இடையில் பிரித்தானியாத் துறைமுகம் வந்தாலும் இதே சிக்கல்தான். விசா விண்ணப்பிக்க முன் கப்பல் தொடுகிற ஒவ்வொரு துறைமுகத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

காப்புறுதியில் கடலிலிருந்து ஹெலிகொப்டரில் தூக்கிப்போகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். அங்கே காசுத்தாளை ஆட்கள் பெரிதாகப் பாவிப்பதில்லை, கழிவறைக்குக்கூட அட்டைதான். கப்பலுக்குள் போனை ஃபிளைட் மோடில் வையுங்கள், கடலில் தானாகப் பிடிக்கிற இணைப்புக்குப் பில் மோசமாக வரும். காலநிலைக்கு நோர்வே அரசின் வானிலை நிலையமும் அரச ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துகிற யர் என்ற இலவசச் செயலி போதும், புறப்பட முன்தினம் இரவும் அன்று காலையும் காற்றின் வேகத்தைப் பாருங்கள். துரொம்சோவில் மலைக்குப் போகிற கேபிள் கார் காற்றுக் கூடினால் நிற்கும், நாங்கள் அதைப் பார்த்துத்தான் காலையிலேயே போய் வந்தோம்.

ஆசிரியர் அவர்களே, இனி இப்படிக் கட்டுரை போடும்போது படத்துக்குப் பக்கத்தில் அந்தத் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டுவார்களா, படகில் இறக்குவார்களா, அந்த மாதம் எத்தனை பாகை, எந்த விசா என்று நான்கு வரியாவது போடுங்கள். 80களிலும் 90களிலும் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த வட நோர்வே மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்தவர்கள், அந்தக் குளிரைப் பற்றி அவர்களிடம் கேட்டாலே பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். எதிர்வீட்டு அம்மா அடுத்த மாதம் புறப்படுகிறார். மனைவியின் கம்பளி மேசு இரண்டு சோடியையும் என் பழைய கைக்கடிகாரத்தையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகப் படகு ஊழியர்,
உவர்மலை, திருகோணமலை