ஒதுங்க இடம் கொடுத்தவர்களுக்கு

இந்த நன்றிக்கு உரியவர்களில் ஒருவருக்குக்கூடத் தமிழ் தெரியாது. அவர்களுக்குப் பிரெஞ்சில் தனித்தனியாக எழுதி, மகளிடம் கொடுத்துப் பிழை திருத்தி, தபாலில் போட்டாயிற்று. இது நம்மவர்கள் படிக்க. செய்த உதவியை நாலு பேர் காதில் போட்டால்தான் நன்றி சொன்னதாகக் கணக்கு என்று என்னை வளர்த்துவிட்டார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: காரைக்காலில் மீனவர் வீட்டில் பிறந்தவள் நான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பிரான்சுக்கு வந்தேன். பல ஊர் சுற்றி, இப்போது பிரான்சின் மேற்குக் கடலோரப் பகுதியான பிரிட்டனியின் தென்மேற்கு மூலையில் கேம்பேரில் இருக்கிறேன். மழைக்குப் பேர்போன ஊர்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அவருடைய கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு பரணைக் காலி செய்த அந்த அம்மா, பழைய காகிதக் குவியலிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவி, "நீ மீன்காரர் மகள்தானே, இந்தா" என்று கையில் வைத்தார். அதன் பெயர் அல்மனாக் து மாரேன் பிரெத்தோன், அதாவது பிரெத்தோன் (பிரிட்டனிக்காரர்) கடலோடிகளின் பஞ்சாங்கம். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் பாம்புப் பஞ்சாங்கம் மாதிரிதான். ராகு காலத்துக்குப் பதில் ஏற்றவற்ற நேரம், சுப முகூர்த்தத்துக்குப் பதில் கலங்கரை விளக்குகளின் பட்டியல். 1899-ல் தொடங்கி இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. அதைத் தொடங்கியவர் பெயர் ழாக் த தெசாக். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், மீனவர்கள் கரையில் ஒதுங்க அவர் கட்டிய 'அப்ரி து மாரேன்' என்ற கட்டடங்களைத் தெரிந்துகொண்டேன். தமிழில் கடலோடி ஒதுங்கிடம் என்று சொல்லலாம். இந்த வருடம் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவற்றைத் தேடிப் போனேன். போன இடமெல்லாம் யாராவது ஒருவர் கை கொடுத்தார்.

கில்வினெக் துறைமுகத்தில், மாலையில் படகுகள் திரும்பும் நேரத்துக்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அடுத்த நன்றி. தொழிலை விட்டுப் பல வருடம் ஆயிற்றாம், படகு வருவதைப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காதாம். என் அப்பா மத்தி வலை வைத்திருந்தவர் என்று சொன்னதும் ஆளே மாறிவிட்டார். இங்கேயும் மத்தி மீன்தான் ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்டது. அவருடைய தாத்தா காலத்துப் பிடிப்பு முறையைக் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினார். வலை நீலச் சாயம் தோய்த்தது, தண்ணீருக்குள் அது மீனின் கண்ணுக்குப் படாது. அதைத் திரைபோலப் படகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். துடுப்புப் போடுகிறவர்கள் படகைக் காற்றுக்கு எதிரே பிடித்து நிறுத்த, தலைவன் இரை வீசுவான். மீன் மேலேறி வந்து வலைக்கண்ணில் செவுள் மாட்டிக்கொள்ளும். அந்த இரை நார்வேயிலிருந்து பீப்பாயில் வரும் காட் மீனின் சினை. யானை விலை. "காசைத்தான் கடலில் எறிந்தார்கள்" என்றார். மீன் கிடைக்காத நாளிலும் சினைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குக் கதவைத் திறந்தது. மத்தி எங்கே போகிறதோ அங்கே படகும் போகும். அந்நிய ஊரில் நங்கூரம் போட்டால் தங்க இடம் கிடையாது. அந்தப் படகுகளுக்கு மேல்தளமும் இல்லை. அடித்தட்டில் ஈரத்தோடு, பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். காற்று எழுந்து மூன்று நாள் கடலுக்குப் போக முடியாவிட்டால் கரையில் கூரையும் அடுப்பும் இருந்த ஒரே இடம் சாராயக்கடை. அங்கே சும்மா உட்கார முடியுமா? ஒரு கிளாஸ் வாங்க வேண்டும், அது காலியானால் இன்னொன்று. மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிப்பதும் அங்கேதான், ஏனென்றால் தாளை உடைத்துச் சில்லறை தருவது கடைக்காரர்தான். பங்கு வீட்டுக்கு வரும்போது பாதியாகியிருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. குடிகாரர்களுக்குச் சொல்லக் காரணமா இல்லை, எங்கள் தெருவில் கேட்காத காரணமா என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. பெரியவர் முகத்திலிருந்தே படித்துவிட்டார் போல. "நீங்கள் நனைந்தபடி மூன்று நாள் உட்கார்ந்து பாருங்கள், அம்மா" என்றார். அது பலிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒதே ஆற்றின் முகத்துவாரத்தில், பெனொதேக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிற்றூர் சாந்த்-மரீன். அங்கே படகுத் துறையைப் பார்த்தபடி இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும் ஒதுங்கிடம் இப்போது அருங்காட்சியகம். அங்கே என்னைச் சுற்றிக்காட்டிய தொண்டருக்கும் நன்றி. வேலை நேரம் முடிந்தும் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார்.

தெசாக்கைப் பற்றி அவர் சொன்னது இது. 1862-ல் ஓர்லெயானில் பிறந்தவர். காசுள்ள குடும்பம், சொந்தப் பாய்மரப் படகு, பொழுதுபோக்கே கடல் பயணம். கட்டிய மனைவி ஆனா த லோன்லே. இந்தக் கரையோரம் குடியேறி, மீனவர்களின் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு அவர் பொழுதுபோக்கு மாறிவிட்டது. பணக்காரர்களிடம் நன்கொடை கேட்டுக் கேட்டு 1900-ல் முதல் இல்லங்களைத் திறந்தார். கில்வினெக், சேன் தீவு, கொன்கார்னோ, துவார்னனே என்று அடுத்த சில பத்தாண்டுகளில் கரை நெடுகப் பத்துப் பன்னிரண்டு எழுந்தன. 1936-ல் சாந்த்-மரீனிலேயே கண்ணை மூடினார்.

இல்லத்துக்குள் என்ன இருந்தது? அடுப்பு மூட்டிய பெரிய கூடம், நீள மேசை, செய்தித்தாள், புத்தகம், விளையாட்டுப் பலகைகள், சுவரில் கப்பல் மாதிரிகள், புத்திமதி வாசகங்கள். காயத்துக்கு மருந்துப் பெட்டி. ஊர் திரும்ப முடியாதவர்களுக்குப் படுக்கை. குடிக்கச் சூடாக யூகலிப்டஸ் இலைக் கஷாயம், காசில்லாமல். தைல வாசனையை நினைத்து நான் சிரித்ததைத் தொண்டர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சளி பிடித்தால் ஆவி பிடிப்பதே அதில்தான் என்றேன். சாராயம் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, அரசியல், மத வாக்குவாதம் கூடாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு காவலர்.

தெசாக் புகைப்படமும் எடுத்தார். தொப்பியும் மரச் செருப்புமாக மீனவர்கள் வரிசையாக நிற்கும் படங்கள். பணக்காரர் ஏழையை எடுத்த படம் என்றால் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். இந்த முகங்களில் கூச்சம் தெரியவில்லை. சிலர் முறைக்கிறார்கள், ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன், விளக்கு அணைக்கத் தாமதமானது அதனால்தான். மன்னிக்கவும்.

நன்றி மடலில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் துவார்னனேயில் எனக்கு உதவிய நூலகப் பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அவர் சொன்ன குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "அரசியல் பேசக் கூடாது என்று எழுதி வைத்தால் யாருக்கு வசதி?" என்று கேட்டார். 1902-ல் மத்தி வராமல் போனபோது படகும், மத்தியை டப்பாவில் அடைக்கும் ஆலையும் ஒன்றாகப் படுத்தன. பிரான்ஸ் முழுவதும் உண்டியல் குலுக்கினார்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் ஐரிஷ் முறைச் சரிகைப் பின்னலைக் கற்று, ஊசியால் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். கொன்கார்னோவில் நிவாரணத்துக்காக 1905-ல் தொடங்கிய நீல வலைத் திருவிழா இன்றும் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் இதே துவார்னனேயில் 1924 நவம்பரில் மத்தி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். மணிக்கு 80 சென்டிம் கூலியை 1 பிராங்க் 25 சென்டிமாக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்துக்கு மேல் நின்று, 1925 சனவரியில் கூலி உயர்வோடுதான் திரும்பினார்கள். கஷாயம் கொடுத்தது போதும், கூலியைக் கொடு என்பது நூலகப் பெண்மணியின் கட்சி.

சரி, நான் எந்தப் பக்கம்? ஒதுங்கிடங்களால் பிரிட்டனியில் குடி நின்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தச் சுவர் வாசகங்களைப் படித்தால் எனக்கே தாகம் எடுக்கும். மீனவன் ஏழையாக இருந்ததற்கு அவன் ஒழுக்கம் காரணமில்லை, சினை விலையும் மீன் விலையும்தான். அதைத் தெசாக் மாற்றவில்லை. ஆனால் கையில் காசில்லாதவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், எதுவும் வாங்காமல், யாருக்கும் தலை வணங்காமல் காயும் வரை உட்காரலாம் என்ற ஓர் இடத்தைக் கட்டினார். அது சின்னக் காரியம் இல்லை என்று எனக்குப் புரிந்தது சேன் தீவில்.

அக்டோபரில் போனது என் அசட்டுத்தனம். ஓதியேர்ன் பக்கமிருந்து ஒரு மணி நேரப் படகு. இடையில் இருக்கும் நீரோட்டத்தைப் பற்றிக் கடலோடிகளிடம் ஒரு சொலவடை உண்டு, சேனைக் கண்டவன் தன் முடிவைக் கண்டான் என்று. தீவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் போட்ட கயிறு மாதிரி, பல இடங்களில் கடல் மட்டத்துக்குச் சற்று மேலேதான். கார் கிடையாது. தெசாக்கின் கட்டடம் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது, தீவின் வரலாற்றுக் காட்சியகமாக. 1940 ஜூனில் இந்தத் துளித் தீவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள், ஜெர்மனியை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் தளபதி த கோலோடு சேர இங்கிலாந்துக்குப் படகேறினார்கள், அந்தக் கதையும் அதற்குள் இருக்கிறது. நான் போன அன்று பூட்டியிருந்தது. பருவம் முடிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து ஒதுங்கிடத்தின் வாசலில் மழையில் நிற்கிறேன்.

அப்புறம் காற்று எழுந்தது. மாலைப் படகு இல்லை என்றார்கள், மறுநாளும் சந்தேகம் என்றார்கள். குடை முதல் சுழற்சியிலேயே போய்விட்டது. திறந்திருந்த ஒரே கடையில் காபி வாங்கி உட்கார்ந்தேன். காபி முடிந்தது. இன்னொன்று வாங்கினேன். மூன்றாவதை வாங்கும்போது கில்வினெக் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர்களைக் குறை சொல்லவில்லை, கடை என்றால் கடைதான். ஆனால் கோப்பை காலியானதும் எழுந்திருக்க வேண்டுமோ என்ற அந்த உறுத்தல் இருக்கிறதே, அதை என் அப்பாவும் எத்தனையோ கரைகளில் அறிந்திருப்பார். நாங்கள் கேட்டதே இல்லை. கரையேறி இரவு எங்கே படுத்தீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர், ரொட்டி வாங்க வந்தவர். என் காலைப் பார்த்தார், முகத்தை இல்லை. செருப்பைச் சுற்றி ஒரு குட்டை தேங்கியிருந்தது. "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் வீட்டுச் சமையலறையில் இரண்டு இரவு இருந்தேன். யார், எந்த ஊர் என்று முதல் நாள் கேட்கவேயில்லை. சூப் கொடுத்தார், கணவருடைய தடித்த கம்பளிக் காலுறையைக் கொடுத்தார், அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். மறுநாள் நான் மீன் கழுவ உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. கத்தி பிடித்த விதத்தைப் பார்த்து, "ஓ, நம்ம ஆளா" என்கிற மாதிரி ஏதோ பிரெத்தோனில், அதாவது பிரிட்டனியின் சொந்த மொழியில், சொன்னார். பணம் கொடுக்க முயன்றேன், கோபித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் படகு வந்தது. அந்த அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் மேலே சொன்னதெல்லாம் இல்லை. "நன்றி அம்மா, பத்திரமாக வந்து சேர்ந்தேன், தவறுதலாக உங்கள் காலுறையைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்" என்று மூன்றே வரி. துவைத்துக் காயவைத்திருக்கிறேன். கேம்பேரில் இந்த மழையில் கம்பளி காய நாலு நாள் ஆகிறது. காரைக்கால் மிளகாய்த்தூள் ஒரு பொட்டலமும் சேர்த்து, வசந்தத்தில் காட்சியகம் திறந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த முறை மகளும் வருகிறாள்.