இசட் போட்டால் பிழையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘ஆர்கனைஸ்’ என்ற சொல்லின் கடைசியில் இசட் போடுவது அமெரிக்க வழக்கம், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது பிழை என்று பதில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் சிவப்புப் பேனாவோடு கிளம்பினார்களோ! பல வருடங்களாக ஆங்கில மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

அது பிழை இல்லை. அந்த விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. மூலத்தில் இருப்பது இசட் ஒலிதான். அதனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இன்றைக்கும் இசட்டையே முதலில் வைக்கிறது. பிரிட்டனில் இப்போது எஸ்தான் அதிகம் புழங்குகிறது, சரி. அதற்காக மற்றது தப்பாகிவிடுமா? அறம் என்றாலும் அறன் என்றாலும் பொருள் ஒன்றே. நம் இலக்கணம் அதைப் பிழை என்று அடிக்கவில்லை, ‘போலி’ என்று பெயர் கொடுத்து வைத்துக்கொண்டது. ஆர்கனைஸும் அந்த வகைதான். (‘அட்வர்டைஸ்’, ‘சர்ப்ரைஸ்’ இரண்டும் வேறு வழியில் வந்தவை. அமெரிக்காவிலும் அவற்றுக்கு எஸ்தான்.)

மரமும் மறமும் போல எழுத்து மாறினால் வேலையே மாறிவிடும் சொற்கள் தனி. அங்கேதான் கவனம் வேண்டும். ‘பிராக்டிஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல்லுக்குச் சி, வினைச்சொல்லுக்கு எஸ். ‘லைசென்ஸ்’ என்பதும் அப்படியே. அமெரிக்கர்களோ முதல் சொல்லுக்கு எப்போதும் சி, இரண்டாவதற்கு எப்போதும் எஸ் என்று முடித்துவிட்டார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை! ‘அட்வைஸ்’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும் என்பார்கள். அதில் பெயருக்கும் வினைக்கும் உச்சரிப்பே மாறும். ஆனால் நமக்கு இந்த உபாயம் சுலபத்தில் உதவாது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுதான். அதோடு, ஆங்கிலச் சொல்லைப் பெயராக எடுத்து, பின்னால் ஒரு ‘பண்ணு’ சேர்த்துத்தான் நாம் வினையாக்குகிறோம். பிராக்டிஸ் பண்ணு, அட்வைஸ் பண்ணு என்றே பழகிய காதுக்கு, அங்கே இரண்டு சொற்கள் இருப்பதே உறைப்பதில்லை.

இன்னொன்று, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’. ஒரு பக்கமும் சாயாதவர் என்று பொருள். ஆட்டத்தின் நடுவர் அப்படித்தான் இருக்க வேண்டும். ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆக இருந்தால் பந்து போவதைக்கூடப் பார்க்க மாட்டார். ‘இன்ஃபிளேமபிள்’ என்பதில் வரும் ‘இன்’ எதிர்மறை என்று நினைப்பவர்களுக்கு ஆபத்தே உண்டு. அதற்குப் பொருள் எளிதில் தீப்பற்றும் என்பது. அதனால்தான் எச்சரிக்கை வாசகங்களில் ‘ஃபிளேமபிள்’ என்று போடுகிறார்கள்.

ரொம்பச் சட்டம் பேசுகிறேன். நானும் சறுக்கியவன்தான். ஒருமுறை பிரிட்டிஷ் நடையில் எழுதிய சட்டப் புத்தகம் ஒன்று மெய்ப்புக்கு வந்தது. ‘ஜட்ஜ்மென்ட்’ என்ற சொல்லில் ஜி எழுத்துக்குப் பிறகு ஈ இல்லாததைப் பார்த்து, அமெரிக்க வாடை என்று முடிவுகட்டி, பக்கம் பக்கமாக ஈ சேர்த்து அனுப்பினேன். மறுநாளே அத்தனை ஈயையும் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனில் பொதுவான எழுத்தில் ஈ போட்டாலும், நீதிமன்றத் தீர்ப்பு என்ற பொருளில் வரும்போது ஈ கிடையாதாம். அன்றிலிருந்து, பேனாவைத் திறப்பதற்கு முன் அகராதியைத் திறக்கிறேன்.

ஆகவே, ‘பிழை’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். எஸ் போடுவதுதான் உங்கள் இதழின் வழக்கம் என்றால் அதையே தொடருங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே பதிலின் கடைசி வரியில் ‘ரியலைஸ்’ என்பதற்கு நீங்களே இசட் போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகன்